காக்கை யாரைக் கூப்பிடுகிறது?

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அமாவாசை மத்தியானம் வீட்டார் சாப்பிட உட்காருவதற்கு முன்பு காக்காய்க்குச் சோறு வைத்தாக வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சோறும் பருப்பும் ஒரு வடையும் வைத்துவிட்டு வீட்டுக்காரம்மா குரல் கொடுத்ததும் முதல் காக்கை வந்து இறங்கும். உடனே வாய் வைக்காது. தலையைச் சாய்த்து ஒரு பார்வை, பக்கவாட்டில் இரண்டு தத்தல். பிறகு வடையைக் கவ்விக்கொண்டு எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் போகும். வடை பத்திரமான பிறகுதான் ஊரைக் கூட்டும்.

பகிர்ந்துண்ணும் குணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டும் உதாரணம் இந்தக் காக்கைதான். வள்ளுவரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ஆனால் திருக்குறளில் காக்கை எந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அது ஈகை அதிகாரத்தில் இல்லை, ஒப்புரவறிதலிலும் இல்லை. பொருட்பாலில், சுற்றந்தழால் என்ற 53ஆம் அதிகாரத்தில், 527ஆம் குறளில் இருக்கிறது. சொந்தபந்தத்தை அணைத்துக்கொண்டு போவது எப்படி என்று சொல்கிற இடம் அது. காக்கையைப் போல நடப்பவர்களுக்கே ஆக்கம் உண்டு என்று பலனையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். காக்கையைத் தியாகி ஆக்கியது பிற்காலத்து வாத்தியார்கள், வள்ளுவர் அல்ல.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1980களில் ஏறக்குறைய இதே கேள்வியோடு பனிக்காலங்களைக் கழித்தார். நம்மூர் அண்டங்காக்கைக்கு அண்ணன் முறை ஆகவேண்டிய ரேவன் என்ற பெரிய கரும்பறவை, காட்டில் செத்துக் கிடக்கும் மானைக் கண்டால் கத்தி மற்றவற்றை அழைக்கிறது. தனியாகத் தின்றால் நாள்கணக்கில் வரும் தீனியை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? அவர் கண்டது இது: அழைப்பவை ஜோடி சேராத, சொந்த எல்லை இல்லாத இளசுகள். அந்த இடத்தைத் தனதென்று வைத்திருக்கும் பெரிய ஜோடி, ஒற்றையாக வருகிற இளசை விரட்டிவிடும். கும்பலாகப் போனால்தான் இறைச்சி வாய்க்கு எட்டும்.

அப்படியானால், தனக்கு ஒன்றும் இல்லாமல் பிறருக்காகச் செய்வது என்று ஒன்று உலகத்தில் உண்டா? விலங்குகளில் இல்லையென்றால் மனிதரில் மட்டும் எங்கிருந்து வந்திருக்கும்? மதங்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்த இந்தக் கேள்வி 1859இல் டார்வினின் புத்தகத்துக்குப் பிறகு உயிரியலின் தலையிலும் விழுந்தது. தான் குஞ்சு பொரிக்காமல், பிறருடைய பிள்ளைகளை வளர்த்துச் சாகும் வேலைக்கார எறும்பு அவர் கோட்பாட்டையே கவிழ்த்துவிடும்போல் இருந்தது. அவரே அதைப் பெரிய சிக்கல் என்று ஒப்புக்கொண்டார்.

1964இல் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய இளைஞர் அதற்கு ஒரு கணக்குப் போட்டார். உடன்பிறந்தவரிடம் நம் மரபணுவில் பாதி இருக்கிறது, ஒன்றுவிட்ட சகோதரரிடம் எட்டில் ஒரு பங்கு. உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் லாபத்தை அந்தப் பங்கால் பெருக்கினால் வருவது, கொடுப்பவரின் நஷ்டத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் குணம் அழியாமல் பரவும். இரண்டு சகோதரர்களுக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் வேடிக்கையாகச் சொன்னதாக அதற்கு முன்பே ஒரு கதை உண்டு. சுற்றந்தழாலுக்குச் சூத்திரம் கிடைத்தது. உறவில்லாதவருக்குச் செய்வதற்கு 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் விளக்கம் தந்தார்: இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. கோஸ்டாரிகாவில் ரத்தம் குடித்து வாழும் வௌவால்களில், இரை கிடைக்காமல் பட்டினியாகத் திரும்பியதற்கு மற்றொன்று தன் வயிற்றிலிருந்து கக்கிக் கொடுப்பதை ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் எழுதினார். மொய் நோட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எதற்கும் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கு இத்தனை சுத்தமாக முடிந்துவிடுவதில்லை. வைப்பாற்று ஓரத்திலோ கம்மாய்க் கரையிலோ சீமைக்கருவேலம் புதருக்கடியில் காலை வேளையில் நின்று பார்த்தால் தெரியும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாத கீச்சலோடு தரையில் மேயும். ஒன்று மட்டும் மேயாது. முள்கொப்பின் உச்சியில் ஏறிக் கழுத்தை நீட்டி நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். வல்லூறு நிழல் தெரிந்தால் அதன் குரல் மாறும், கீழே இருப்பவை ஒரே நொடியில் முள்ளுக்குள் மறையும். கொஞ்ச நேரத்தில் அது இறங்க, வேறொன்று ஏறும். குஞ்சு வளர்ப்பிலும் இதே கூட்டுதான். பெற்றவை அல்லாத குருவிகளும் புழுவோடு கூட்டுக்கு வரும். சிவகாசி கல்லூரியில் விலங்கியல் கற்பித்துப் பின்னாளில் நாடறிந்த வனவிலங்கு ஆய்வாளரான ஏ. ஜே. டி. ஜான்சிங், இந்தக் குருவிகள் இரை தேடும் விதத்தைப் பற்றி 1982இல் சக ஆய்வாளர்களோடு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

காவலுக்கு உட்காரும் குருவி தன் தீனியை இழந்து, கழுகின் கண்ணில் படும்படி உட்கார்ந்து, கூட்டத்தைக் காக்கிறது. இது தியாகம் இல்லாமல் வேறென்ன? இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைவனத்தில் தவிட்டுக்குருவியின் பங்காளியான அரபுச் சிலம்பனை வெகுகாலம் கவனித்த அமோட்ஸ் சகாவி, இது கௌரவப் போட்டி என்றார். அங்கே காவல் நிற்கவும் மற்றதற்கு ஊட்டிவிடவும் குருவிகள் போட்டி போடுகின்றன. தனக்குக் கீழ்ப்பட்ட குருவி ஊட்ட வந்தால் பெரிய குருவிக்குப் பிடிப்பதில்லை. கொடுக்க முடிகிறது என்பதே என் பலத்துக்குச் சாட்சி என்று காட்டுவதாம். ஆப்பிரிக்கக் கீரிகளின் உறவான மீர்கட்டை ஆராய்ந்த டிம் கிளட்டன்-பிராக் குழு 1999இல் இன்னும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது. அங்கே காவலுக்கு ஏறுவது வயிறு நிறைந்த மீர்கட். ஆபத்தை முதலில் பார்ப்பதும் அதுதான், வளைக்குள் தப்புவதில் முந்திக்கொள்வதும் அதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் சுடலைக்குயில் ஒன்று வந்து தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளோடு தன் நீல முட்டையையும் இட்டுவிட்டுப் போகிறது. குருவிக் குடும்பம் மொத்தமும் அந்த வேற்றுக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. உறவும் இல்லை, கைம்மாறும் இல்லை, கௌரவமும் இல்லை. ஏமாந்துபோன அன்பு என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஏமாற இடம் இருக்கிறது என்பதே ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: கூட்டில் ஊட்டுகிற குருவி கணக்குப் பார்ப்பதில்லை; திறந்த வாயைப் பார்க்கிறது.

சகாவி சொன்ன கௌரவம் நமக்குப் புதிதல்ல. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற நாடு இது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலைப் பாறையில், எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய பாண்டியர் காலத்தில் செதுக்கிய சமணத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பொறித்திருப்பவையும் பெரும்பாலும் பெயர்களே: இன்ன ஊர், இன்னார் செய்வித்தது, இன்னாரைச் சார்த்திச் செய்வித்தது. அந்தப் பெயர்கள் இல்லையென்றால் அக்காலத்துக் குறத்தியர் என்ற பெண் துறவிகளைப் பற்றியும் அவர்களுடைய மாணாக்கரைப் பற்றியும் நமக்குத் தெரிவது பெரிதும் குறைந்திருக்கும். உபயத்தைக் கேலி செய்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கொடுத்தால் புண்ணியம் சேரும் என்று எல்லாச் சமயமும் ஆசை காட்டியிருக்கிறது. சேர்கிற புண்ணியத்துக்காகக் கொடுத்தால் அது கொடையா என்ற சங்கடத்தையும் அவையே எழுப்பியிருக்கின்றன. சமணத்தில் புண்ணியமும் வினைதான். வீடு பேற்றுக்கு அதுவும் உதிர வேண்டும். சைவ சித்தாந்தம் பாவத்தை இரும்பு விலங்கு என்றும் புண்ணியத்தைப் பொன் விலங்கு என்றும் பேசும். அதற்கெல்லாம் முன்பே, பொதியில் மலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் புகழ வந்த உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றின் 134ஆம் பாட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டார். இந்தப் பிறவியில் போட்டால் மறுபிறவியில் எடுக்கலாம் என்று அறத்தை விலை பேசும் வியாபாரி அல்லன் ஆய். சான்றோர் நடந்த வழி என்பதால் கொடுக்கிறான் என்கிறார். ஒருவனை அப்படிப் புகழ வேண்டியிருந்தது என்றால் மற்றபடி வியாபாரம் ஓகோவென்று நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வள்ளுவர் இன்னும் நுட்பமான ஆள். மேலுலகமே இல்லை என்றாலும் கொடுப்பது நல்லது என்று 222ஆம் குறளில் புண்ணியக் கணக்கைக் கிழித்துப் போடுகிறார். ஈகைக்கு அடுத்த அதிகாரமாக அவர் வைத்ததோ புகழ். கொடுத்துப் பேர் வாங்கி வாழ்வதே உயிருக்கு ஊதியம் என்று அங்கே கூசாமல் சொல்கிறார். சகாவி படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கொடையைப் பேசும்போது எளிதில் மறந்துபோகும் இன்னொரு கேள்வி: செலவு யாருடையது? விளாத்திகுளத்துக்கு அடுத்த எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்த கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு உலை வைப்பதற்கு வழி தேடி அலைந்தது மனைவி செல்லம்மாள். குருவிக்குக் கொடுத்தவர் என்ற பெயர் அவருக்கு எங்கும் இல்லை.

உயிரியலாளரும் ஆன்மிகவாதியும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு பேரேட்டைப் புரட்டுகிறார்கள். சிக்கலில் பாதி அதனால் வருவது. முதல் பேரேட்டில் பதிவாவது சந்ததி எண்ணிக்கை. கொட்டிவிட்டுச் சாகும் தேனீக்கு அங்கே நல்ல மதிப்பெண், அதற்கு மனம் என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. இரண்டாவதில் பதிவாவது நோக்கம். பிள்ளைக்காகக் கிணற்றில் குதிக்கிற தாய் தன் மரபணுவில் பாதியைக் காப்பாற்றுகிறாள் என்பது முதல் பேரேட்டில் சரி. ஆனால் அவள் குதித்தது பிள்ளைக்காக, மரபணுவுக்காக அல்ல. அந்த அன்பு அவளுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குப் பரிணாமம் காரணம் சொல்லலாம். அன்பே இல்லை என்று சொல்ல அந்தக் காரணத்தால் முடியாது. ‘எல்லாமே சுயநலம்’ என்று டீக்கடையில் ஓங்கி அடிப்பவர்கள் இந்த இரண்டாவது பேரேட்டைத் திறப்பதே இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தவித்த ஒரு மனிதர் உண்டு. 1922இல் பிறந்த அமெரிக்கர் ஜார்ஜ் பிரைஸ், வேதியியல் படித்தவர். லண்டனுக்குப் போய் ஹாமில்டனின் கணக்கைக் கண்டு கலங்கி, அதைத் தப்பென்று காட்ட முயன்று, கடைசியில் அதைவிட அழகான ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடித்தார். அது 1970இல் வெளியானது. அதே ஆண்டில் தீவிரக் கிறிஸ்தவராகவும் மாறினார். வீடற்றவர்களையும் குடிகாரர்களையும் தன் வீட்டில் தங்கவைத்தார். பணம் போயிற்று, பொருள்கள் போயின, வீடும் போயிற்று. 1975 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடக்கத்துக்கு வந்த சிலரில் ஹாமில்டனும் இன்னொரு உயிரியலாளரான ஜான் மேனார்ட் ஸ்மித்தும் இருந்தார்கள். அவர் கைப்பிடித்துத் தூக்கிவிட்ட தெருவாசிகள் சிலரும் இருந்தார்கள். சூத்திரத்தை வென்று காட்டவே அப்படி வாழ்ந்தார் என்று சொல்வோர் உண்டு. மன அழுத்தமும் நோயும் சேர்ந்த வாழ்க்கையை அப்படி ஒரு நீதிக்கதைக்குள் அடைப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கொடுக்கும்போது மனத்துக்குச் சந்தோஷமாக இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே கொடுக்கிறோம் என்பது இன்னொரு வாதம். கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாதவர்களா இந்தக் கருமிகள் என்று வள்ளுவர் 228ஆம் குறளில் வியந்ததை இதற்கு ஆதாரமாகவும் காட்டிவிடலாம். ஆனால் வாதம் தலைகீழாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் பட்லர் என்ற பாதிரியார் தம் பிரசங்கங்களில் சுட்டியதுபோல, அடுத்தவர் நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை முதலில் இருந்தால்தானே அவர் நன்றாக ஆனதைப் பார்த்து மகிழ்ச்சி வரும்? அக்கறையே இல்லாதவனுக்கு அந்த இன்பம் கிடைக்க வழியே இல்லை. கருமிக்கு வாய்க்காமல் போனதும் அதனால்தான்.

உளவியலாளர் டேனியல் பேட்சன் இதைச் சோதனையாகவே வைத்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் வெளியான ஆய்வு அது. மின்னதிர்ச்சி வாங்கித் துடிக்கும் ஒரு பெண்ணை மாணவர்கள் திரையில் பார்க்கிறார்கள். அவள் நடிக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. விரும்பினால் எழுந்து போய்விடலாம், அல்லது அவளுக்குப் பதிலாக அந்த நாற்காலியில் உட்காரலாம். பார்க்கச் சகிக்காமல்தான் மனிதன் உதவுகிறான் என்றால் கதவு திறந்திருக்கும்போது எழுந்து போயிருக்க வேண்டும். அவள்மேல் இரக்கம் கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. இன்னொரு உளவியலாளர் ராபர்ட் சியால்டினி விடவில்லை: இரங்குகிறவன் அடுத்தவனில் தன்னையே பார்க்கிறான், ஆகவே தனக்கே உதவிக்கொள்கிறான் என்றார். இதைக் கேட்டால் அத்வைதி சிரிப்பான். அதுவே நீ என்ற உபநிடத வாக்கியத்தில்தான் இரக்கத்தின் வேர் இருக்கிறது என்று ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1840லேயே எழுதிவிட்டார். அங்கே அது குற்றச்சாட்டு அல்ல, விடுதலை.

தென்மாவட்டச் சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இரண்டு நட்ட கல், மேலே ஒரு படுக்கைக் கல், தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமல் இறக்கிவைக்கத் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டது. இறக்கிவைக்காமல் போன சுமை அவள் ஆவியை வாட்டக்கூடாது என்ற நம்பிக்கை. ஆக, செய்தது சொந்தத்துக்காக. இளைப்பாறியதோ வத்தல் மூட்டையும் பருத்திப் பொதியும் சுமந்து சந்தைக்குப் போன முன்பின் தெரியாத ஆட்கள். இப்போது சாலை அகலமாகிறபோது பல கற்கள் பெயர்ந்துவிட்டன.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள்; மீட்பு முழுமையாக வந்து சேர 19ஆம் தேதி ஆகிவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் ஊரே வெள்ளக்காடாக இருந்த நேரத்தில் அரிசியும் பருப்பும் திரட்டி அந்த அந்நியர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். திரும்பிவந்து மொய் எழுதப்போகிறவர்கள் அல்ல ரயில் பயணிகள். டிரிவர்ஸின் சூத்திரம் இங்கே வேலை செய்ய வழியில்லை.

அதே ஸ்ரீவைகுண்டத்துக் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம், சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தன் செலவுக்கு வேறு வேலை பார்த்தவர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏற்றிச் சொல்லப்படுபவற்றைத் தள்ளிவிட்டாலும் மிஞ்சுவது போதுமானது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான பூல்பாண்டியன், 2020 ஊரடங்கில் மதுரையில் பிச்சையெடுத்துச் சேர்த்ததைப் பத்தாயிரம் பத்தாயிரமாக முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். விளம்பர ஆசை என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கலாம். விளம்பரம் கிடைக்க எத்தனையோ வழி இருக்க, கையில் இருக்கும் கடைசிக் காசைக் கொடுக்கிற வழியை ஒருவர் தேர்ந்தெடுப்பது ஏன் என்ற கேள்வி அப்போதும் மிச்சம்.

புகழும் பரிசும் கொடையைக் கெடுக்குமா என்பதற்கு ஒரு சின்ன ஆய்வு நல்ல விடை தருகிறது. ஃபெலிக்ஸ் வார்னக்கனும் மைக்கேல் தொமசெல்லோவும் 2008இல் இருபது மாதக் குழந்தைகளைப் பார்த்தார்கள். பெரியவர் கைதவறவிட்ட பொருளைக் குழந்தைகள் தாமாக எடுத்துக் கொடுக்கும். எடுத்துக் கொடுத்ததற்குப் பொம்மை பரிசு வாங்கிய குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன. வாயால் பாராட்டு மட்டும் வாங்கியவை குறைக்கவில்லை.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்ததிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்புத் தானப் பேச்சு வீட்டுக்குள் வந்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புத் தானம் செய்தவரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது பொம்மையா பாராட்டா என்றால் பாராட்டின் பக்கம்தான் வைக்க வேண்டும்.

உயிரோடு இருக்கிறவர் கொடுக்கும்போது சட்டம் கூர்ந்து பார்க்கிறது. காரணம் இருக்கிறது: சிறுநீரக வியாபாரத்தால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, நெருங்கிய உறவல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், பாசத்தாலோ பற்றாலோ கொடுக்கிறார், பணத்துக்காக அல்ல என்று ஒரு அங்கீகாரக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். முடமோசியார் ஆயிடம் பார்த்ததை ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வருமானச் சான்றிதழையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்கிறது சட்டம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி என்றால் உறவை நிரூபித்தால் வேலை எளிது. சுற்றத்தின் கொடையில் சட்டம் ஹாமில்டனைப் போலவே அதிகம் சந்தேகப்படுவதில்லை. இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் தாயும் தாமாக முன்வந்தார்களா, வீட்டில் வேறு பேச்சுக்கு இடமில்லாமல் வந்தார்களா என்று துருவிக் கேட்பது அந்நியரிடம் பணம் கைமாறியதா என்று கேட்பதைவிடக் கடினம். பெரும்பாலும் கேட்பதும் இல்லை.